கார்டு மாற்றும் கள்ளன்

கேள்வி: ஏ.டி.எம்.மில் உதவுவதுபோல் நடித்து கார்டை மாற்றிப் பணம் எடுப்பவனை என்ன செய்யலாம்?
– வாசகர், பாம்பன்

பதில்: திருடனைத் திட்டுவது அப்புறம். முதலில் வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். புகார் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லிவிட்டது.

தண்டனையா? அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம். கையை வெட்டு என்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை எடுக்க, பின் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு நிற்கும் பெரியவரிடம் பணத்தை அடித்தவனைச் சும்மா விடலாமா? ஜெயிலும் வேண்டும், அடித்த காசு வட்டியோடு அந்தப் பெரியவர் கைக்கே திரும்பவும் வேண்டும்.