கணக்குக் கூட்டத்தில் இயற்பியல் கேள்வி

கேள்வி: கணிதம் பேசுகிற இடத்தில் இயற்பியல் கேள்வியோடு வருபவரை 'ராங் நம்பர்' என்று அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்பவே கூடாது. ஐந்தாம் படிச் சமன்பாடு ஒன்று தரும் முப்பரிமாண வெளியில் மூன்றாம் படி வளைவுகள் எத்தனை? இழைக் கோட்பாட்டை வைத்து இயற்பியலாளர் பிலிப் கேண்டலாஸின் குழு 1991-ல் சொன்ன விடை 31,72,06,375. நார்வேயின் இரண்டு கணிதர்களுக்குக் கணினி தந்ததோ 2,68,25,49,425! கணிதர்கள் யாரை நம்பியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா? ஆனால் பிழை நார்வேக்காரர்களின் புரோகிராமில்தான் இருந்தது. திருத்தியதும் இயற்பியலாளர்களின் எண்ணே வந்து நின்றது, கடைசி 5 வரைக்கும். அவர்களும் பிழையை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள். எத்தனை பெரிய மனசு! இன்னொரு சான்று: எட்வர்ட் விட்டன் இயற்பியலாளர். கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கம் 1990-லேயே அவருக்குப் போயிற்று. கேள்விக்குள் கணக்கு இருக்கிறதா? நாற்காலி போடுங்கள்.