கல்லுக்குத் தெரியும், கைடுக்குத் தெரியாது

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகும் தமிழ்ப் பெருமக்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அங்கே எதையும் பார்க்க வேண்டியதில்லை; போவதற்கு முன்பே எல்லாம் தெரியும். கோபுர நிழல் தரையில் விழாது. உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக் கல். நந்தி வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்கள். மூன்றையும் வாட்ஸப்பில் படித்துவிட்டு, நேரில் வந்து கைடுக்குக் காசு கொடுத்து மறுபடியும் கேட்டு, மெய்சிலிர்த்துத் திரும்புகிறோம்.

நிழல் விழாது என்று சொல்லும் கைடு, சாயங்கால வெயில் தாங்காமல் கோபுரம் என்று அவர் சொல்லும் விமானத்தின் நிழலில் ஒதுங்கி நின்றுதான் சொல்கிறார். கேட்பவர்களும் அதே நிழலில்தான் நிற்கிறார்கள். ஒருவருக்கும் உறுத்துவதில்லை. 216 அடி உயரக் கட்டடத்துக்கு நிழல் இல்லையென்றால் அது சிற்பியின் திறமை அல்ல; சூரியனின் ராஜினாமா. உச்சியில் இருப்பது பல கற்களை இணைத்துச் செய்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதி வருஷக்கணக்காகிறது. நந்தி, கோயிலைக் கட்டிய ராஜராஜன் காலத்ததே அல்ல, நாயக்கர் காலத்தது. அங்கே வளர்ந்ததெல்லாம் கதைதான்.

ஊருக்கு ஊர் கதை இருக்கும், இதற்கு ஏன் இத்தனை கோபம் என்பீர்கள். வேறு கோயிலாக இருந்தால், பாவம், கதையை விட்டால் வேறென்ன இருக்கிறது என்று நானும் போய்விடுவேன். இது தன் வரவு செலவைத் தன் சுவரிலேயே எழுதிவைத்திருக்கும் கோயில். 1010இல் விமானத்துக்குக் கலசம் கொடுத்த ராஜராஜன், தான் கொடுத்ததை மட்டும் வெட்டச் சொல்லவில்லை. அக்கா குந்தவை கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். ஒரு விளக்குக்கு 96 ஆடு, அதற்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய். ஆடு செத்தாலும் நெய் குறையக் கூடாது என்று அவ்வளவு கறாரான கணக்கு.

கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் அந்தச் சுவரில் இருக்கிறார்கள். எந்தக் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டவர், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் பதிவு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். விரும்பித்தான் வந்தார்களா என்று கல்வெட்டு சொல்லவில்லை; அந்தக் கேள்வியையாவது நாம் கேட்டிருக்கலாம். கணக்கர், தையல்காரர், குயவர், வண்ணார், நாவிதர், குடை பிடிப்பவர் என்று கோயில் ஊழியர் பட்டியல் நீள்கிறது. பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் இருக்கிறது. இத்தனை பேர்மேலும் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் நாம் செல்பி எடுக்கிறோம்.

கட்டிய அரசன் பெயரையே தொலைத்த சமூகம் இது. தலபுராணம் இந்தக் கோயிலைக் கரிகாலன் கணக்கில் எழுதி, கட்டியதால் அவனுடைய சரும நோய் தீர்ந்தது என்றது. நாமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர், சுவரில் தமிழில் எழுதியிருந்ததைத் தமிழர்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

படித்துச் சொன்னபின் என்ன செய்தோம்? ராஜராஜன் எங்கள் சாதி என்று போஸ்டர் அடித்தோம். அவன் பிறந்தநாளாகக் கொண்டாடும் சதய விழா வந்தால் அவனுக்குச் சொந்தம் கொண்டாட வரிசையில் நிற்கும் சாதிச் சங்கங்களைப் பார்த்தால், அந்த மனிதன் எத்தனை வீட்டில் பிறந்தான் என்றே சந்தேகம் வரும். அதே சுவரில் இருக்கும் வண்ணாருக்கும் குயவருக்கும் அந்த 400 பெண்களுக்கும் ஒரு சங்கமும் போஸ்டர் அடித்ததில்லை. வம்சம் என்றால் அரண்மனையில்தான் பிறக்க வேண்டும் நமக்கு. இன்னொரு பக்கம் யூடியூப் வீரர்கள். தமிழன் பெருமை என்று தொண்டை கிழியத் தொடங்கி, கட்டியவர்கள் வேற்றுக்கிரகவாசிகள் என்று முடிக்கிறார்கள். கல் சுமந்த தமிழனுக்குக் கூலிதான் மிஞ்சவில்லை, பேராவது மிஞ்ச வேண்டாமா?

கதைகளிலேயே கேவலமானது இன்னொன்று. அரசியல்வாதிகள் பிரதான வாசல் வழியாகப் போனால் பதவி போய்விடுமாம். பகுத்தறிவு பேசும் மேடைகளில் முழங்குகிறவர்களுக்கும் இந்தக் கோயிலுக்கு வரும்போது பக்கவாசல்மேல் திடீர்ப் பிரியம் வந்துவிடுகிறது. சிரித்துவிட்டுப் போகலாம், 1997 நினைவுக்கு வராவிட்டால். அந்த ஜூன் மாதம் குடமுழுக்குச் சமயத்தில் யாகசாலைக் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே கீற்றுப் பந்தலை அனுமதித்தது யார், தப்பிக்க வழி வைத்தார்களா என்று கேட்க வேண்டிய ஊர், ‘அந்தக் கோயில் ராசியே அப்படி’ என்று பெருமூச்சு விட்டது. சாபத்தை யார் விசாரிக்க முடியும்? சாபத்துக்கு எந்த அதிகாரி சஸ்பெண்ட் ஆவார்?

இந்தக் கதைகள் பாட்டி சொன்ன கதைகள்போல ஒன்றுமறியாதவை அல்ல. வேலை செய்தவன் பெயரை ஒன்று விழுங்குகிறது. வேலை செய்யாதவனின் பொறுப்பை இன்னொன்று மறைக்கிறது.

அடுத்த முறை போகும்போது கைடிடம் நிழலைப் பற்றிக் கேட்காதீர்கள். சுவரைக் காட்டி, இதிலிருந்து ஒரே ஒரு பெயரைப் படித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அவரால் முடியாவிட்டால் நீங்கள் கற்றுக்கொண்டு படியுங்கள். கட்டியவர்களின் பெயர் தெரியாமல் கட்டடத்துக்கு உரிமை கொண்டாடுவதற்குப் பெயர் பெருமை அல்ல, ஆக்கிரமிப்பு.