செட்டிங்ஸ் அண்ணன்

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்துக்கு ஒரு செட்டிங்ஸ் அண்ணன் இருப்பார். கொழும்பில் போன் கடையில் நின்ற காலத்தில் கற்ற வித்தை. பீலியடியில் நிற்கும்போதும் சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும். டவர் மலைக்கு அந்தப் பக்கம், லயம் இந்தப் பக்கம் என்பதால் ரவுட்டரை எந்த ஜன்னலில், எந்தச் சாய்வில் கட்டித் தொங்கவிடுவது என்பதை இவர்தான் சொல்ல வேண்டும்.

"அண்ணே, நெட்டு வரமாட்டேங்குது."

"ஃபர்ம்வேர் பழசும்மா. அப்டேட் பண்ணணும்."

"பண்ணுங்களேன்."

"நம்ம பண்ண ஏலாது. கம்பனிதான் அனுப்பணும்."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

"அதச் சொல்லத்தான்."

சொல்லிவிட்டுப் போனில் 192.168.8.1 என்று அடித்து உள்ளே நுழைவார். வைஃபை பெயரை மாற்றலாம், பாஸ்வேர்டை மாற்றலாம். மற்றக் கதவுகள் எல்லாம் பூட்டு. வேறு கம்பனி சிம்மைப் போட்டால் பெட்டி ஏற்காது. பெரிய பாஸ்வேர்ட் கம்பனி கையில். காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்கு ஏன் இந்தக் கட்டுப்பாடு என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்: "லயத்துக் காம்பரா மாதிரிதாம்மா. நாலு தலைமுறையா இருக்கோம். ஒரு ஜன்னல் வைக்கணும்னா தொரைகிட்டதான கேக்கணும்?" அதற்கு மேல் லயத்தில் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

டிஆர்-069 என்றால் அவருக்குத் தனி மரியாதை. ஆபீசில் இருந்தபடியே கம்பனி நம் வீட்டு ரவுட்டரோடு பேசுகிற ஏற்பாடு, 2004இல் வந்தது. ஊர் தூங்கும்போது புது ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டுப் போகிற வழியும் அதுதான். சிலசமயம் விடிந்து பார்த்தால் அண்ணன் போட்ட செட்டிங்ஸ் எல்லாம் துடைத்தெடுத்தாற்போல் இருக்கும். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. ஆனாலும் கம்பனியை விட்டுக்கொடுக்க மாட்டார். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டொய்ச்ச டெலிகொம் வாடிக்கையாளர் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு விழுந்த கதையை, சொந்த மச்சான் வீட்டில் நடந்ததுபோலச் சொல்வார். "கம்பனிக்காகத் தொறந்து வச்ச வாசல்லதாம்மா கள்ளன் வந்தான். அதுக்கு மருந்தும் கம்பனி அனுப்பின அப்டேட்தான்!"

அவருடைய நிஜ எதிரி இடி. ஏப்ரல் மாதம் பின்னேரம் வானம் உறுமினால் அம்மாமார் முதலில் பிடுங்குவது ரவுட்டர் பிளக்கை. "அப்டேட் ஓடுற நேரம் கரண்ட் போனா பெட்டி செத்துரும்!" என்று அண்ணன் மழையில் நனைந்தபடி வாசல் வாசலாகக் கத்துவார். "மின்னல் விழுந்தா நாங்க செத்துருவோம்" என்று உள்ளிருந்து பதில் வரும்.

கூலி வாங்க மாட்டார். ஒரு பிளேன்டீ, ரொட்டி இருந்தால் ரொட்டி. அவர் வீட்டில் மட்டும் ரவுட்டர் கிடையாது. எல்லா வீட்டுக்கும் பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்தவர் அவர்தானே. லயத்தில் எந்த மூலையில் நின்றாலும் அவருடைய போன் ஏதாவது ஒரு வைஃபையில் தானாக ஏறிக்கொள்ளும்.