சாவ்தான்! எம்.ஏ. படிக்கப் போகிறீர்களா?

தேவையான பொருள்கள்: டிஸ்சார்ஜ் புக் ஒன்று. பென்ஷன் ஆணை ஒன்று. கம்யூட்டேஷன் பணத்தில் மாடிக்குத் தளம் போட்டதுபோக மிஞ்சியது எவ்வளவோ அவ்வளவு. மடிப்பில் கிழிந்துபோன பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். அலாரம் இல்லாமல் காலை நாலரைக்கு விழித்துக்கொள்ளும் கண்கள் இரண்டு. விழித்தபின் உட்கார்ந்துகொள்ளத் திண்ணை ஒன்று.

இத்தனையும் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் மாதம் அந்த வீட்டுப் பட்டாளத்தாருக்கு மேற்படிப்பு ஆசை வந்தே தீரும். எனக்கும் வந்தது. எங்கள் வேலூர்ப் பக்கம் இது அதிசயமல்ல. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதன் சுற்றுவட்டாரத்தில் டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டு பேராவது 'எக்ஸ்' என்று தொடங்கும் ஆட்கள்தான். அவர்களிடம் யோசனை கேட்டால், "படிங்க ஹவில்தார் சார், படிப்புக்கு வயசு ஏது" என்பார்கள். சொன்னவர்கள் யாரும் படித்ததில்லை. அதனால்தான் படித்துக்கொண்டிருப்பவன் இந்தக் கையேட்டை எழுத வேண்டியதாயிற்று.

முதலில் உங்கள் வயதைக் கண்டுபிடியுங்கள். ஆதார் அட்டையில் இருப்பது உங்கள் வயது அல்ல. மத்திய அரசின் குரூப் சி வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்னாள் படைவீரர், தன் வயதிலிருந்து படையில் இருந்த வருடங்களைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் வரும் எண், அந்த வேலைக்கான வயது வரம்பை மூன்று வருடத்துக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். நான் பதினெட்டில் சேர்ந்தேன். ஹவில்தாராக 24 வருடம் முடித்து 42-ல் வெளியே வந்தேன். 42-ல் 24 போனால் 18. என் மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள், வயது 17. ஆக, அரசாங்கக் கணக்கில் நான் அவளுக்கு ஒரு வயது மூத்த அண்ணன். இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "அப்ப நான் யாருங்க?" என்று கேட்டாள். அதற்கு அரசாணை எதுவும் இல்லை.

இரண்டாவதாக, நீங்கள் ஏற்கெனவே பட்டதாரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலருக்கு இது தெரிவதில்லை. பத்தாம் வகுப்பு தேறியோ, அதற்கு ஈடான ராணுவக் கல்விச் சான்றிதழ் வாங்கியோ, 15 வருடம் பணி முடித்தவரைப் பட்டப்படிப்பு கேட்கும் குரூப் சி பணிகளுக்குத் தகுதியானவராகக் கருதலாம் என்று 1986-லேயே மத்திய அரசு ஆணை போட்டுவிட்டது. 'பட்டதாரிக்குச் சமம்' என்ற சான்றிதழை ரெக்கார்ட் ஆபீஸ் கொடுத்த அன்று நான் வீட்டுக்கு இனிப்பு வாங்கிப்போனேன். மறுவாரம் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஒரு தொலைநிலைக் கல்வி மையத்துக்குப் போய், எம்.ஏ. விண்ணப்பம் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது டிகிரி இல்லையே."

"டிகிரிக்குச் சமம்னு அரசாங்கமே சொல்லுதும்மா."

"வேலைக்குச் சமம்னு சொல்லுது சார். படிக்கிறதுக்குச் சொல்லல."

24 வருடத்தில் எத்தனையோ அதிகாரிகளின் உத்தரவைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவான உத்தரவு கேட்டதில்லை. வங்கி கிளார்க் தேர்வு வாசலில் பட்டதாரி. பல்கலைக்கழக வாசலில் வெறும் பிளஸ் டூ. இடையில் பதினைந்து நிமிட பஸ் தூரம்.

இந்த இடத்தில் ஒரு கண்ணிவெடி எச்சரிக்கை. 'டிகிரி வேண்டாம், நேரடியாக எம்.ஏ. எழுதலாம்' என்று யாராவது குறுக்குவழி காட்டினால், நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் முதுகலை முடித்த ஏராளமானவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. பத்து, பன்னிரண்டு, பட்டம், அப்புறம்தான் முதுகலை என்ற வரிசையில் போனால்தான் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு அந்தக் காகிதம் எடுபடும். வரிசை தவறினால் என்ன ஆகும் என்று பட்டாளத்தாருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. நல்ல வேளையாக, போஸ்டிங்கில் இருந்தபோதே பிளஸ் டூ எழுதித் தேறியிருந்தேன். பி.ஏ.வுக்கு மூன்று வருடம் ஆனது. அதற்குள் என் 'அரசாங்க வயது' 21 ஆகிவிட்டது. மனைவி பெண் பார்க்கலாமா என்று கேட்டாள்.

மூன்றாவது, செலவுக் கணக்கு. பென்ஷனில் பாதியைக் கம்யூட் செய்திருந்தால், அந்தப் பாதி திரும்பிவரப் பதினைந்து வருடம் ஆகும். அதுவரை வரும் மீதிப் பாதியில் பால், கரண்ட், மகள் ஃபீஸ், கொழுந்தியாள் வீட்டுச் சீர் எல்லாம் போய், கடைசியில் நீங்கள் படிக்க வேண்டும். உதவித்தொகை கிடைக்குமா என்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தால் நல்ல செய்தி உண்டு: இருக்கிறது, உங்களுக்கு இல்லை. பிரதமரின் கல்வி உதவித்தொகை, பிளஸ் டூவில் 60 சதவீதம் எடுத்துத் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைகளுக்கு. பையனுக்கு மாதம் 2,500, பெண்ணுக்கு 3,000. கேந்திரிய சைனிக் போர்டு, ஹவில்தார் வரையிலான படைவீரர் இறந்துவிட்டால் அவர் மனைவி முதுகலை படிக்க மாதம் இரண்டாயிரம் தருகிறது. உயிரோடிருக்கும் ஹவில்தார் படிக்க என்ன வழி என்று கேட்டேன். நான் செத்தால் வீட்டில் ஒரு எம்.ஏ. உறுதி என்று மட்டும் புரிந்தது. நன்றி சொல்லி வந்துவிட்டேன்.

அமெரிக்காவில் 1944-லேயே ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம், போரிலிருந்து திரும்பியவர்களை லட்சக்கணக்கில் கல்லூரிக்கு அனுப்பியது. இன்றைக்கும் அங்கே தகுதியுள்ளவருக்கு 36 மாதப் படிப்புச் செலவும், குடியிருக்க மாதப்படியும் கிடைக்கும். அங்குள்ள முன்னாள் வீரர் 'மேற்படிப்பு லாபமா?' என்று கேட்டால், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று அர்த்தம். நம் ஆள் கேட்டால், வீட்டில் கேட்டாயிற்றா என்று அர்த்தம்.

நம்மூரிலும் அதிகாரிகளுக்கு வேறு வழி. வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் படிப்பு முடிக்கும் மேஜர் சாப், இறங்கி வரும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்ஸி.யோடு வருவார். ஓய்வுபெறப் போகிறவர் என்றால் ஐ.ஐ.எம்.மில் 24 வார மேலாண்மைப் படிப்பு இருக்கிறது. கட்டணத்தில் பெரும் பங்கை மறுகுடியமர்வு இயக்குநரகமே ஏற்கும். ஜவான்களுக்கும் அதே இயக்குநரகம் இலவசமாகப் பயிற்சி தருகிறது, குறை சொல்லக் கூடாது. என் செட்டில் பாதிப் பேர் செக்யூரிட்டி சூப்பர்வைசர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார்கள். 24 வருடம் எல்லையைக் காத்தவனுக்கு கேட்டைக் காக்கக் கற்றுத்தருகிறார்களே என்று நான் அப்போது சிரித்தேன். கேட் கஷ்டம் என்று பின்னால் தெரிந்தது. எல்லையில் யார் எதிரி என்று தெரியும். அபார்ட்மென்ட்டில் எல்லாரும் செக்ரட்டரி.

அப்படி ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் நானும் எட்டு மாதம் காவலுக்கு இருந்தேன். முதுகலைக்குச் சந்தையில் என்ன விலை என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. அசோசியேஷன்காரரிடம் எம்.ஏ. சேரப் போகிறேன் என்றேன். "அப்படியா? சந்தோஷம். விசிட்டர் ரெஜிஸ்டரை இங்கிலீஷ்லயே எழுதிடுங்க" என்றார். சம்பளம் அதேதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் மனசுக்குள் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு எனக்குத் தெரியும். டிகிரி வந்தால் சம்பளம் ஏறும், போட்ட காசு மூன்று வருடத்தில் திரும்பும், அப்படித்தானே? நமக்கு ஒதுக்கீடு இருப்பது பெரும்பாலும் கீழ்நிலைப் பணிகளில்: மத்திய அரசில் குரூப் சி-க்கு 10 சதவீதம், பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் நிலைக்கு 14.5 சதவீதம். அங்கே யாரும் முதுகலை கேட்பதில்லை; கேட்கும் பட்டத்தையும் 15 வருட சர்வீஸே ஈடுகட்டிவிடுகிறது. முதுகலை கேட்கும் நாற்காலிகளுக்கு நமக்கென்று கதவு கிடையாது. பொதுவரிசையில் 23 வயசுப் பிள்ளைகளோடு நிற்க வேண்டும். வேலைக்காக மட்டும் என்றால் எம்.ஏ.வை விடுங்கள், அந்த நேரத்துக்கு வங்கித் தேர்வுக்கான கணக்கும் ரீசனிங்கும் போடுங்கள். இந்தக் கையேட்டில் நான் சிரிக்காமல் சொல்லும் வரி இது.

எம்.பி.ஏ.? அதையும் ஒரு வார இறுதி வகுப்பில் எட்டிப் பார்த்தேன். இருபத்தாறு வயதிருக்கும் தம்பி ஒருவர் தலைமைப்பண்பு பற்றிப் பாடம் நடத்தினார். நல்ல பிள்ளை. பத்துப் பேர் கொண்ட குழுவை எப்படி ஊக்கப்படுத்துவது என்று கேட்டுவிட்டு, மாஸ்லோவின் முக்கோணத்தைப் பலகையில் வரைந்தார். அடியில் உணவு, அதற்கு மேல் பாதுகாப்பு, உச்சியில் தன்னிறைவு. நான் பத்துப் பேர் செக்‌ஷனோடு 18,000 அடி உயரத்தில் பனியில் இருந்தவன். அந்த முக்கோணத்தின் அடியில் மண்ணெண்ணெய் ஜெரிகேன் இல்லை. கையைத் தூக்கிச் சொன்னேன். "குட் பாயின்ட் சார்" என்று சொல்லி, அதைப் 'பிற காரணிகள்' என்ற தலைப்பில் எழுதிக்கொண்டார்.

என் அக்கா மகன் விஷயம் வேறு. அவன் அக்னிவீர். இந்தக் கையேட்டில் இதுவரை எழுதிய வேடிக்கை எதுவும் அவனுக்குப் பொருந்தாது என்பதுதான் வேதனை. நாலு வருடத்தில் நாலில் மூன்று பேர் வெளியே வர வேண்டும். பென்ஷன் இல்லை. 15 வருடம் இல்லை என்பதால் அந்த 'சமம்' சான்றிதழும் இல்லை. கையில் சேவா நிதி சுமார் 11.71 லட்சம். இக்னோ பல்கலைக்கழகம் அவர்களுக்கென்று ஒரு பட்டப்படிப்பு வைத்திருக்கிறது. பாதி மதிப்பீட்டுப் புள்ளிகள் படைப் பயிற்சிக்கே கிடைக்கும். போன மாதம் போனில், "மாமா, அந்தப் பணத்துல டாடா ஏஸ் வாங்கலாமா, மேல படிக்கலாமா?" என்று கேட்டான். டிகிரியை உள்ளே இருக்கும்போதே முடி, வெளியே வந்ததும் ரெகுலர் காலேஜில் எம்.எஸ்ஸி.யோ எம்.பி.ஏ.வோ சேர், தபாலில் படிக்காதே, ஹாஸ்டலில் தங்கு என்றேன். இருபத்து மூன்று வயதில் மேற்படிப்பு முதலீடுதான். நாற்பத்தைந்தில் அது வேறு சாமான்.

சேர்ந்துவிட்டீர்கள் என்றால், தேர்வறைக்கு ஒரே ஒரு குறிப்பு. மீசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டுத் தேர்வன்று நான் இஸ்திரி போட்ட சட்டையும் கிராப்புமாக ஹாலுக்குள் நுழைந்ததும் நாலைந்து பேர் அவசரமாக எதையோ வாயில் போட்டு மென்றார்கள். பறக்கும் படை என்று நினைத்துவிட்டார்களாம். அப்புறம் கண்காணிப்பாளர் உள்ளே வர, நான் பழக்கதோஷத்தில் எழுந்து விறைத்து நிற்க, என்னைப் பார்த்து மொத்த ஹாலும் எழுந்து நின்றது. அந்த அம்மா பயந்துபோனார்.

சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். சிரித்து முடித்துவிட்டு, "சரிப்பா, அந்த ஹிஸ்டரி எம்.ஏ.வை வச்சு என்னதான் பண்ணப்போறீங்க?" என்பாள்.

அதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பல ஊர்களில், சாவடிச் சுவரிலோ பழைய பள்ளிக்கூடத்திலோ ஒரு கல் பதித்திருக்கும். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். எண்ணிக்கை மட்டும், பெயர் இருக்காது. அந்த முதல் உலகப் போரில் கடல் கடந்து போன இந்தியச் சிப்பாய்கள் பத்து லட்சத்துக்கும் மேல், திரும்பாதவர்கள் சுமார் 74,000. என் எம்.ஏ. பாடநூலில் அவர்களுக்கு மூன்று வரி. சின்ன வயதில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அப்படி ஒரு கல்லின் மேல்தான் நான் பையை வைப்பேன். 24 வருடம் எனக்கென்று ஒரு நம்பர் இருந்தது. அதைச் சொன்னால்தான் ரெக்கார்ட் ஆபீஸில் என்னைத் தெரியும். அதனால்தான் அந்தக் கல்லைத் தாண்டிப் போக இப்போது முடியவில்லை போலிருக்கிறது.

இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்கு அதைத்தான் எடுத்திருக்கிறேன். இதில் ஒரு ரூபாய் திரும்பாது. உங்கள் ஊரில் அப்படி ஒரு கல் இருந்தால், பொங்கலுக்குச் சுவரோடு சேர்த்து அதற்கும் வெள்ளையடிக்க விடாதீர்கள். போன ஆள் யார் வீட்டுத் தாத்தா என்று தெரிந்த கிழவர் யாராவது உயிரோடிருந்தால், இந்த வாரமே போய்ப் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.