சந்தாவும் சாக்கும்

வணிகர் சங்கத்தில் சேரச் சொன்னால் கடைக்காரர் முதலில் கேட்பது, "வருஷத்துக்கு எவ்வளவு?" தொகையைச் சொன்னதும், "அவ்வளவா?" ஐந்நூறு என்றாலும் அதே வியப்பு, ஐம்பது என்றாலும் அதே வியப்பு. ரசீதுப் புத்தகத்தோடு கடை வாசலில் நிற்கும் செயலாளர் இதைப் பணத்தைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டால் தோற்றுப்போவார்.

புதுச் செயலாளர் வகுத்தல் கணக்கில் இறங்குவார்: நாளைக்கு ரெண்டு ரூபாய்கூட வராது, ஒரு டீக்குக் காணாது. கல்லாவில் உட்கார்ந்தே தலை நரைத்தவரிடமா கணக்கு? அவர் அதே தொகையைப் பெருக்கி, இருபது வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று காட்டிவிடுவார்.

சாதனைகளை அடுக்குவதும் பலிக்காது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஆடிட்டரை அழைத்துக் கூட்டம் போட்டது, 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது மனு கொடுத்தது எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கடைவீதிக்குச் சங்கம் கேட்டு வாங்கிய விளக்கு, சந்தா கட்டாத கடை வாசலை மட்டும் விட்டுவிட்டு எரிவதில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பொதுநன்மை எப்படியும் வந்து சேரும் என்றால் தன் பங்கைக் கொடுக்க யாரும் முந்துவதில்லை. உறுப்பினருக்கு மட்டும் என்று ஏதாவது வைத்தால்தான் பெரிய சங்கம் நிற்கும் என்பது அவர் வாதம். அமெரிக்க மருத்துவர் சங்கத்தையே அதற்கு உதாரணம் காட்டினார்.

தமிழ்நாட்டுக் கடைவீதியில் அந்த வேலையைப் பார்ப்பது காலண்டர். பக்கத்துக் கடையில் சங்கக் காலண்டர் தொங்கித் தன் சுவரில் ஆணி மட்டும் இருந்தால் எந்த முதலாளிக்கும் பொறுக்காது. அதற்கடுத்த இடம் பொதுக்குழு அன்று போடும் பிரியாணிக்கு. கொஞ்சம் விவரமான சங்கமாக இருந்தால் விண்ணப்ப வேலையையும் ஏற்றுக்கொள்ளும். சிறு கடையின் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு அரசுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்தான். அதைப் பதிந்துகொடுக்க வெளியே கேட்கும் கூலி அதைவிட அதிகம். உறுப்பினருக்குச் சும்மா செய்துகொடுத்தால் சந்தாவில் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

இவ்வளவுக்கும் மசியாதவரிடம் வாதாட வேண்டியதில்லை. தராசில் முத்திரை இல்லை என்று நோட்டீஸ் வரும் நாளில் அவரே செயலாளரைத் தேடி வருவார். பழைய பாக்கியையும் சேர்த்து எண்ணி வைத்துவிட்டு, ரசீதில் மட்டும் போன மாசத் தேதி போட முடியுமா என்று கேட்பார்.