அந்தமானில் மனை தேடல்: ஐந்திணை நோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஐம்பது வயதைத் தாண்டிய தமிழனுக்கு இரண்டில் ஒன்று நிச்சயம் வரும். ஒன்று சர்க்கரை. மற்றது, தீவில் ஒரு கிராமத்து வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்ற எண்ணம். முன்னதற்கு மருந்தும் பத்தியமும் வகுத்த அறிஞர்கள் பின்னதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தமையால், அக்குறையைப் போக்கும் தகுதி தனக்கு உண்டென்று இவ்வாய்வாளன் கருதுகிறான்.

ஆய்வுக் களம் தென் அந்தமான். நிகோபார் ஆய்வுக்கு அப்பாற்பட்டது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அங்கே கால் வைக்கவே அனுமதிச் சீட்டு வேண்டும். மனை விசாரிக்க வாயைத் திறப்பது அதற்கும் பிறகு.

2. சொல்லாய்வு

வீடு கட்டும் இடமும் மனை, கட்டிய வீடும் மனை, அதை ஆள்பவள் மனைவி. மூன்றாமவளைக் கேட்காமல் முதலாவதைத் தேடிப் புறப்பட்டவன் இரண்டாவதைக் கட்டியதாக வரலாறு இல்லை. இவ்வாய்வாளனும் கேட்காமல்தான் கப்பலேறினான் என்பதை ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்கிறோம்.

'நிலம்' என்பது 'நில்' என்னும் வேரிலிருந்து வந்தது என்பர். நிற்பதால் நிலம். தஞ்சாவூரில் இது பொருந்தும். அந்தமான் இருப்பதோ ஐந்தாம் நில அதிர்வு மண்டலத்தில். 2004 டிசம்பர் 26 அன்று தென் அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரை மேலெழும்பிப் பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்தன. பெரிய நிகோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கியது. ஆகவே இங்கு 'நில்' என்பதை ஏவல் வினையாகக் கொள்வதே பொருத்தம். நாம் சொல்லிப் பார்க்கலாம். கேட்பது நிலத்தின் விருப்பம்.

3. கணக்கியல்

தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். இதில் 7,171 காடு என்று பதிவாகியுள்ளது. மிச்சம் 1,078. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 3,80,581 பேர். வகுத்தால் தலைக்கு 70 சென்ட், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் கிரவுண்டு. சென்னையில் அரை கிரவுண்டுக்கு ஆயுள் முழுக்கத் தவணை கட்டியவனுக்கு இது புல்லரிப்பைத் தரும். தந்தது.

பிறகு வயல், தோட்டம், ராணுவம், விமான நிலையம், சாலை, சர்க்கார் குடியிருப்பு ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். கழித்த பின் எஞ்சுவது ஆய்வாளனின் ஆவல் மட்டுமே. அதற்கும் 1966-ஆம் ஆண்டு நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறை வழி சொல்லிவிட்டது: நிலமெல்லாம் அரசுடையது, மற்றவர்கள் குத்தகையோ, மானியமோ, உரிமமோ பெற்று வைத்திருப்பவர்கள். வில்லங்கச் சான்று கையிலில்லாமல் உறக்கம் வராத நம் இனத்துக்கு இது பெரிய அதிர்ச்சி. இங்கே முதல் வில்லங்கமே சட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

4. திணைப் பாகுபாடு

குறிஞ்சி: மேட்டு நிலம். தீவில் 'ஹில்லி லேண்ட்' என்பார்கள். பாக்கும் தென்னையும் நிற்கும். உச்சியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். உரிப்பொருள் புணர்தல், பார்த்த மாத்திரத்தில் காதல் உண்டாகும். கருப்பொருள் புள்ளிமான். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது, பிடித்துத் தின்னப் புலி இல்லாததால் பெருகிவிட்டது, நட்ட கன்றையெல்லாம் கடித்துவிடும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டியும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தண்ணீர்த் தட்டுப்பாடு. குடம் மலையேற வேண்டும். காதல் மார்ச்சில் தணியும்.

முல்லை: காடும் காடு சார்ந்த இடமும். உரிப்பொருள் இருத்தல். அனுமதி வரும்வரை காத்திருத்தல் என்று உரை கொள்க. ஷேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளின் பேரில் 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்கு வரம்பு கட்டியது. படாக் மரத்தில் தலைவாசல் என்று கனவு கண்டவர்கள் கனவிலேயே இழைத்துக்கொள்ளலாம்.

மருதம்: 'பேடி லேண்ட்'. உரிப்பொருள் ஊடல். விவசாய நிலத்தில் வீடு கட்ட 'டைவர்ஷன்' வாங்க வேண்டும். வாங்கும்வரை அண்ணன் தம்பி, வாங்குபவன் விற்பவன், எல்லோருக்குள்ளும் ஊடல். கருப்பொருள் ராட்சத ஆப்பிரிக்க நத்தை. தோட்டத்தை நிதானமாகத் தின்னும்.

நெய்தல்: எல்லோரும் கேட்பது இதுதான். உரிப்பொருள் இரங்கல். உயர் அலைக் கோட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குக் கட்டடம் கூடாது என்று 2011-லும் 2019-லும் வந்த தீவுக் கரையோர அறிவிக்கைகள் சொல்கின்றன. மேலே சொன்ன 2002 உத்தரவு கடற்கரை மணல் அள்ளுவதையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. நாற்புறமும் மணல், வீடு கட்ட மணல் இல்லை. வாஸ்து பார்ப்பவர்களுக்கும் சிக்கல்: நீர் ஈசானியத்தில் இருக்க வேண்டும் என்பார்கள், இங்கே எட்டுத் திசையிலும் இருக்கிறது. கழிமுகத்தை ஒட்டிய மனையின் கருப்பொருள் உப்புநீர் முதலை.

பாலை: தனி நிலம் கிடையாது. மேற்கண்ட நான்கும் முன்பணம் கொடுத்த பின் அடையும் நிலை. உரிப்பொருள் பிரிதல்.

இப்பாகுபாட்டில் அடங்காத விதிவிலக்கு பேரன் தீவு. அங்கே பட்டா தகராறு இல்லை, அண்டை வீட்டார் தொல்லை இல்லை. நாட்டின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலை மட்டும் இருக்கிறது.

5. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் முன்னோடி ஆர்ச்சிபால்ட் பிளேர். 1789-ல் சாத்தம் தீவில் அருமையான இடத்தைப் பிடித்தார். மேலிடத்துக்குத் திருப்தியில்லை. 1792-ல் குடியிருப்பை வடக்கே இன்னொரு துறைமுகத்துக்கு மாற்றினார்கள். காய்ச்சலில் ஆட்கள் மடிய, 1796-ல் கடையைக் கட்டினார்கள். 1858-ல் கைதிகளோடு திரும்பியபோது வந்திறங்கியது பிளேர் காட்டிய பழைய இடத்தில்தான். நல்ல மனையை வேண்டாமென்றவன் 66 ஆண்டு கழித்து அதன் வாசலுக்கே வருவான் என்பது இதனால் பெறப்படும். அவர் பெயரைத் தாங்கிய போர்ட் பிளேரும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது.

அவருக்கும் முன்பே, நம் தரங்கம்பாடியிலிருந்த டேனியர்கள் 1756-ல் நிகோபாரில் குடியேறப் போனார்கள். காய்ச்சல் துரத்தியது. மீண்டும் போனார்கள், மீண்டும் துரத்தியது. 1868-ல் பிரிட்டிஷாரிடம் உரிமையை விற்றுவிட்டுக் கையை உதறினார்கள். தரங்கம்பாடிக் காற்றை விட்டுப் போனவர்களை வேறென்ன சொல்ல.

6. தேற்றம்

அப்படியானால் தீவில் யாருக்குத்தான் நிலம் கிடைத்தது? சான்றுகளை வரிசையாக வைக்கிறோம். தண்டனைக் காலத்தில் நன்னடத்தை காட்டிய கைதிகள் 'செல்ஃப் சப்போர்ட்டர்' ஆகி உழுது பிழைக்க நிலம் பெற்றார்கள். 1921 மாப்பிளா கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்டவர்கள் வண்டூர், மஞ்சேரி, காலிகட் என்று ஊர்ப் பெயர்களையும் கூடவே கொண்டுவந்து நட்டார்கள். 1949 முதல் கிழக்கு வங்க அகதிக் குடும்பங்களுக்கு ஐந்து ஏக்கர் வயலும் ஐந்து ஏக்கர் மேட்டு நிலமும் கொடுத்தார்கள். சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையை விட்டு வந்த தமிழர்கள் கச்சால் தீவின் ரப்பர் மரத்தடியில் அமர்த்தப்பட்டார்கள். 1969 முதல் பெரிய நிகோபாரில் முன்னாள் படைவீரர்கள். 1978-க்கு முன் காட்டில் புகுந்து குடிசை போட்டவர்களின் ஆக்கிரமிப்பும் பின்னர் வரைமுறைப்படுத்தப்பட்டது. 1978-ல் இவ்வாய்வாளனுக்கு வயது ஆறு. ஆக்கிரமிக்கத் தவறிவிட்டான்.

இவற்றிலிருந்து பெறப்படும் தேற்றம்: அந்தமானில் நிலம் பெற்றவர் எவரும் நிலம் தேடிப் போனவர் அல்லர். அவர்கள் வேறெங்கோ எதையோ இழந்து வந்து சேர்ந்தவர்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே இருக்கும் பழங்குடிகளோ தேடவும் இல்லை, பத்திரம் எழுதவும் இல்லை.

7. களப்பணி

தேற்றத்தைச் சோதிக்க, போர்ட் பிளேரை அடுத்த ஒரு கழிமுகக் கிராமத்துக்குத் தரகர் அழைத்துப் போனார். காலை ஒன்பது மணி. முப்பது சென்ட், சமதளம், ஓரத்தில் நான்கு தென்னை. மனத்துக்குள் திண்ணை எழுப்பி, சாய்வு நாற்காலியும் போட்டாயிற்று. பக்கத்து வீட்டு வாசலில் பாக்கு உரித்துக்கொண்டிருந்த பெரியவர் தமிழில் கேட்டார்.

"மெயின்லேண்டா தம்பி?"

"ஆமாங்கய்யா. மனை பார்க்க வந்தேன்."

"பாருங்க. மூணு மணிக்கு ஒரு தடவை வந்து பாருங்க."

மூன்று மணிக்குப் போனபோது தென்னைகள் கணுக்கால் நீரில் நின்றன. எல்லைக்கல்லின் மேல் ஒரு கொக்கு. தரகரைக் காணோம்.

பெரியவர் தேநீர் கொடுத்தார். கழிமுகத்தைக் கை காட்டினார். நீருக்கடியில் நேர்கோடாக ஒரு நிழல் ஓடியது. வரப்பு. "அதுவரைக்கும் நம்ம வயலுதான். சுனாமியில நெலம் எறங்கிருச்சு, தண்ணி ஏறிருச்சு. பெறகு வடியவே இல்ல."

"ஐயா எப்படி இங்க நிலம் வாங்கினீங்க?"

"நாங்க எங்க வாங்கினோம்? எங்கப்பா காட்டு வேலைக்குக் கப்பலேறி வந்தவரு. நெலம் தேடி வரல. தானா வந்துச்சு, தானா போச்சு."

உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, பாலித்தீன் உறையில் மடித்து வைத்த காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். பெயர் சரி, பரப்பளவு சரி, நான்கு எல்லை சரி, முத்திரை சரி.

8. முடிவு

இரண்டு வாரக் களப்பணியில் இவ்வாய்வாளன் பதினோரு மனைகளின் காகிதங்களைப் பார்த்தான். வில்லங்கம் எதுவும் இல்லாதது கடலுக்கடியில் இருந்த அந்த ஒன்று மட்டுமே.