அரை டிக்கெட்

எங்கள் வீட்டு வரவு செலவுக் கணக்கு முழுவதும் 2019ஆம் வருஷத்து டைரியில் இருக்கிறது. ஒரு ஜவுளிக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. அந்த வருஷம் எழுத ஒன்றும் இல்லாததால் புதுக்கருக்கு அழியாமல் பீரோவுக்குள் கிடந்தது. சின்னவன் பிறந்து, ஆஸ்பத்திரி பில்லைக் கையில் வாங்கிய அன்று ராத்திரி, 'இனிமேல் சிக்கனம்' என்று தீர்மானித்தேன். தீர்மானத்தின் முதல் படி, கணக்கு எழுதப் புது நோட்டு வாங்காமல் இருந்தது.

கிழமைதான் ஒத்துவராது. 2023இல் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்த கறியெல்லாம் டைரியில் செவ்வாய்க்கிழமையில் போய் உட்கார்ந்துவிட்டது. என் அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "செவ்வாய்க்கிழமையும் கறி திங்கிற வீடாப் போச்சா இது?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாங்கள் இருப்பது ராஜபாளையம். மனைவி பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நடுவே 12 கிலோமீட்டர். "தூரத்தை அளந்து பார்த்துத்தான் பொண்ணு எடுத்திருக்கான்" என்று நண்பர்கள் சொல்வார்கள். அப்போது அளக்கவில்லை, குழந்தைகள் பிறந்தபிறகு அளந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மாமனார் வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை விடிகாலை திரும்பினால், ஒரு ராத்திரிச் சாப்பாடும் ஞாயிற்றுக்கிழமையின் மூன்று வேளையும் நம் அடுப்பில் ஏறாது. எங்கள் குடும்பப் பட்ஜெட்டின் முதுகெலும்பே இதுதான்.

போகிற வழியிலும் அரசாங்கம் நம் பக்கம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அடுத்த வருஷம், ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் டிக்கெட் வேண்டாம் என்று ஆக்கினார்கள். அதற்கு முன்னால் மூன்று வயதோடு சரி. ஆக, மனைவி இலவசம், ஏழு வயது மகள் இலவசம், நாலு வயது மகன் இலவசம். காசு கொடுத்து ஏறுகிற ஒரே ஜீவன் நான்.

டவுன் பஸ் வர வேண்டும், அதுதான் சிக்கல். தென்காசியிலிருந்து மதுரை போகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, "வில்லிபுத்தூர், வில்லிபுத்தூர்" என்று கூவி அழைத்துவிட்டுப் போகும். நான் அசைய மாட்டேன். அந்த ஐம்பது நிமிஷத்தில் மகளுக்கு முறுக்கு வேண்டும். அவள் தின்பதைப் பார்த்து மகனுக்குக் குச்சி ஐஸ் வேண்டும். ஐஸ் சட்டையில் ஒழுகியதும் கழுவத் தண்ணீர் பாட்டில் வேண்டும். இலவச பஸ்ஸில் ஏறுவதற்குள் தொண்ணூறு ரூபாய் இறங்கியிருக்கும்.

ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் புதுப் பிரச்சினை கிளம்பியது. பெண்களுக்குக் கட்டணமில்லாவிட்டாலும் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மகன் கையை நீட்டியபடியே இருந்தான்.

"எனக்கு?"

"உனக்கு வேண்டாம்டா கண்ணு. நீ சின்னப்பிள்ளைல்ல?"

"நான் ஒண்ணும் சின்னப்பிள்ளை இல்ல. எனக்கு ஆறு வயசு."

கண்டக்டர் என் பக்கம் திரும்பினார். "என்ன சார், பையன் ஆறுங்கிறான்?"

"நாலுதான் சார்."

"ஆறு" என்றான் மகன், பக்கத்து சீட்டுக்கும் கேட்கும்படி.

அவர் சர்வீஸில் எத்தனை அப்பாக்கள் வயதைக் குறைத்துச் சொல்லி, எத்தனை பிள்ளைகள் அதைப் போட்டு உடைத்திருக்கும்! அனுபவம் அவரைப் பிள்ளையின் பக்கம் நிறுத்திவிட்டது. பஸ்ஸே என்னைப் பார்த்தது. "அஞ்சு ரூவாக்கும் பத்து ரூவாக்கும் பிள்ளை வயசைப் போய்..." என்று பின்னாலிருந்து ஒரு பெரியம்மா முணுமுணுத்தார். உண்மையைச் சொல்லி நான் மாட்டிக்கொண்டது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். ஆதார் கார்டு வீட்டில் பத்திரமாக இருந்தது. அரை டிக்கெட் வாங்கினேன். மகன் அதை இரண்டு கையாலும் வாங்கி, மாமனார் வீடு வரை மடிக்காமல் கொண்டுவந்தான். ராத்திரி தலையணைக்கடியில் வைத்துப் படுத்தான். நான் டைரியில் 'தண்டம்' என்ற தலைப்பில் எழுதினேன்.

துணி விஷயத்தில் எங்கள் பக்கத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ராஜபாளையத்தில் நூல் மில்கள். பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறிகளில் ஓடுவது ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி. இன்னொரு பக்கம் தளவாய்புரத்தில் தைக்கிற நைட்டி ஊர் ஊராகப் போகிறது. இப்படி நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் கடையில் டயப்பர் வாங்கினால் அது மண்ணுக்குச் செய்கிற துரோகம் என்று எனக்குத் தோன்றியது.

மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, சத்திரப்பட்டிச் சொந்தக்காரர் ஒருவரிடம் கழிவுத் துணியைக் கிலோ கணக்கில் எடுத்துவந்தேன். ரத்தத்தையே உறிஞ்சுகிற துணி, மூத்திரத்தை உறிஞ்சாதா? உறிஞ்சியது; ஆனால் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை, பெற்ற உடனே மடிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. நாலு மடிப்பு, எட்டு மடிப்பு என்று போட்டதில் குழந்தைக்கு இடுப்பெலும்பு முறிந்து கட்டுப் போட்டது போல ஆகிவிட்டது. கொடியில் வரிசையாகக் காய்ந்த காஸ் துணியைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அண்ணன், "யாருக்குப்பா அடி? சொல்லவே இல்லையே" என்று ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நலம் விசாரிக்க வந்துவிட்டார். உண்மையைச் சொன்னேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிற இடத்தில் மட்டும் எனக்குப் பேச்சு வரவில்லை. டைரியின் வரவுப் பக்கத்தில் இன்றுவரை இருக்கிற ஒரே அயிட்டம் அந்த ஹார்லிக்ஸ்தான்.

அடுத்தது நைட்டித் துணி. தளவாய்புரத்தில் ஒரே டிசைனில் வெட்டு விழுந்த துண்டுகளை மூட்டையாக எடுத்தேன்: மஞ்சள் துணியில் கையகல ஊதாப் பூ. மனைவி ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தைத்தாள். மகளுக்குக் கவுன், மகனுக்குச் சட்டை, தலையணை உறை, கட்டில் விரிப்பு, ஜன்னல் திரை, அம்மாச்சிக்கு ஒரு கைப்பை. வீட்டில் எடுத்த ஒரு போட்டோவில் மகன் கட்டிலில் படுத்திருக்கிறான். தலையும் இரண்டு காலும் மட்டும் தெரியும், நடுவில் விரிப்பு.

அந்த வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு எல்லோரும் போனோம். ஆடித் தள்ளுபடியும் ஆடித் தேரும் ஒரே மாதத்தில் வருவதால், ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதியில் அன்றைக்கு நிற்க இடம் இருக்காது. 11 நிலைக் கோபுரம், 192 அடி, அரசாங்க முத்திரையில் இருக்கிற கோபுரம் என்று மகளுக்கு அண்ணாந்து காட்டிவிட்டுக் குனிந்தால் மகனைக் காணோம். மைக் வைத்திருந்த பந்தலுக்கு ஓடி, "மஞ்சள் சட்டை, ஊதாப் பூ" என்று அடையாளம் சொன்னேன். ஐந்தே நிமிஷத்தில் ஒரு பெண் போலீஸ் மஞ்சள் சட்டை, ஊதாப் பூப் போட்ட ஒரு பையனைத் தூக்கிவந்தார். அவன் என் பையன் இல்லை. அவனுக்குப் பின்னாலேயே மூச்சிரைக்க அவன் அப்பா வந்தார். சட்டையை நானும், என் மகளின் கவுனை அவரும் பார்த்தோம்.

"தளவாய்புரமா?" என்றார்.

"தளவாய்புரம்தான்" என்றேன். வேறு எதுவும் பேசிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை.

என் மகன் அவ்வளவு நேரமும் பக்கத்துத் திண்ணையில் அம்மாச்சி மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தான். மடியில் இருந்த பையும் அதே துணி. பையோடு பையனாக இருந்ததில் யார் கண்ணுக்கும் படவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தபோது, பெரியம்மா மகளின் பழைய மழைக்கோட்டை மகளுக்குக் கொடுத்தோம். "பழசு, போட மாட்டேன்" என்றாள். அவள் அம்மா ஊர்க் கதையை வைத்தே மடக்கலாம் என்று நினைத்தேன். "பெரியாழ்வார் பெருமாளுக்குக் கட்டி வைத்த மாலையை ஆண்டாள் சூடிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். அது தெரிந்து பெரியாழ்வார் புது மாலை கட்டினால், பெருமாள் எனக்கு அந்த மாலைதான் வேண்டும் என்றுவிட்டார். இன்றைக்கும் திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு இங்கேயிருந்து ஆண்டாள் சூடிய மாலை போகிறது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதும் ஆண்டாள் மாலையோடுதான். ஒருத்தர் போட்டதை அடுத்தவர் போட்டுக்கொள்வது எவ்வளவு பெரிய பெருமை, பார்."

மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஆண்டாள் புதுசுதானப்பா போட்டா? பெருமாளுக்குத்தான் பழசு. அப்ப நான் ஆண்டாள், தம்பி பெருமாள்."

புது மழைக்கோட்டு வாங்கினோம். பழையது, ரோஸ் கலர், பட்டாம்பூச்சி போட்டது, பெருமாளுக்குப் போனது.

கடைசியாகப் பால்கோவா. மாமனார் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒருநாள் மனசாட்சி உறுத்தியது. மிக்சர், பழம் என்று விலை விசாரித்துவிட்டு, பால்கோவா நாமே கிண்டினால் என்ன என்று யோசித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் சொல்கிற கணக்கு: 10 லிட்டர் பாலுக்கு ஒன்றே கால் கிலோ சர்க்கரை, சுண்டச் சுண்டக் கிண்டினால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். பாலும் சர்க்கரையும் தவிர எதுவும் சேர்ப்பதில்லை. 2019இல் புவிசார் குறியீடே வாங்கிய பண்டம். நான் மூன்று லிட்டர் எடுத்தேன். லிட்டர் 60 ரூபாய் என்று 180; சர்க்கரையோடு சேர்த்தால் இருநூறு. கிடைக்கப்போவது ஒரு கிலோ. கடையில் கிலோ முந்நூற்றுச் சொச்சம். 'மிச்சம்: 100க்கு மேல்' என்று அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே டைரியில் எழுதிவிட்டேன்.

கிண்டுகிறவருக்குக் கூலி உண்டு என்பது அந்தக் கணக்கில் இல்லை. அங்கே விறகடுப்பில் பெரிய சட்டியை வைத்துக்கொண்டு துடுப்பை நிறுத்தாமல் கிண்டுகிறார்கள். நான் முதல் முக்கால் மணி நேரம் கிண்டினேன். பிறகு பால் தன்னால் சுண்டட்டும் என்று கொஞ்சம் போனைப் பார்த்தேன். வாசனை வந்தபோது அடிப்பிடித்திருந்தது. மேலாக வழித்தெடுத்ததைத் தட்டில் கொட்டினேன், ஆறியதும் கல்லாகிவிட்டது. கத்தியால் வில்லை போட்டு டப்பாவில் அடுக்கினேன். பால்கோவாவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே எடுத்துக்கொண்டு போன முதல் ராஜபாளையத்துக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

மாமியார் டப்பாவைத் திறந்து பார்த்தார். ஒரு வில்லையை எடுத்துக் கடித்தார். இன்னொரு பக்கமாகக் கடித்தார். மாப்பிள்ளை மரியாதை குறையாமல் கேட்டார்:

"கோவில்பட்டி போயிட்டு வந்தீங்களா மாப்பிள்ளை? கடலைமிட்டாயில கடலையைக் காணோமே!"

ஊருக்குத் திரும்பிய அன்று, 'மிச்சம் 100' என்ற வரியை என்ன செய்வது என்று டைரியைத் திறந்தேன். பக்கத்திலேயே பென்சிலில், மனைவியின் எழுத்து: 'அடிப்பிடித்த உருளி ஊறவைத்துத் தேய்த்தது: 3 மணி நேரம்.'

முன்பக்கங்களைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் பென்சில் இருந்தது. காஸ் துணி அலசியது: தினமும் அரை மணி. சட்டை, கவுன், திரை தைத்தது: ஒன்பது ராத்திரி. டவுன் பஸ்ஸுக்கு நின்றது: 50 நிமிஷம், இடுப்பில் பிள்ளையோடு. நான் 'மிச்சம்' என்று எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பென்சில் வரி. எங்கேயும் ரூபாய் இல்லை, வெறும் நேரம். நூறு நாள் வேலைக் கூலிக்குப் பெருக்கிப் பார்த்தேன். அந்தக் கணக்கிலேயே நான் கடன்காரன். நான் சேர்த்ததாக நினைத்த காசெல்லாம் அவள் கையிலிருந்து வாங்கித்தான் என் பையில் போட்டிருக்கிறேன்.

"ஏன் பென்சில்ல எழுதியிருக்க?" என்று மட்டும் கேட்டேன்.

"பேனா மை தீர்ந்திரும்னு நீங்கதான ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

அடுத்த சனிக்கிழமை வீட்டிலேயே அறிவித்தேன்: "இன்னைக்கு எந்த பஸ் முதல்ல வருதோ அதுல ஏறுறோம். எல்லாருக்கும் டிக்கெட் எடுக்குறேன்." மனைவி நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். நூறு ரூபாய்த் தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு ஸ்டாப்பில் போய் நின்றோம். நின்ற மறுநிமிஷம் வந்தது டவுன் பஸ். அதே கண்டக்டர்.

மனைவிக்கும் மகளுக்கும் டிக்கெட் கொடுத்தார். எனக்குக் கிழித்தார். மகனைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன். "ஒரு அரை டிக்கெட்டும் குடுத்திருங்க சார். வயசு நாலுதான், இருந்தாலும் குடுங்க."

"வேண்டாம் மாமா" என்றான் மகன். டவுசர் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, தொடையில் வைத்து நீவி, அவரிடம் நீட்டினான். "அன்னைக்கு வாங்குனது இருக்கு. கிழியல. இன்னைக்கும் ஓடும்ல?"

கண்டக்டர் அந்த டிக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வயசு நாலோ ஆறோ சார், அப்பா யாருன்னு கேக்கவே வேண்டாம்."